விராலை இனங்கண்டு பிடிப்பது எப்படி?

சிறிய பொருளைக் கொடுத்துப் பெரிய பொருளைப் பெறப் பார்ப்பவனை, 'அயிரையை விட்டு வராலை இழுக்கிறான்' என்று நம் நாட்டில் சொல்வதுண்டு. அயிரை என்பது மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும் விரல் நீள மீன். வரால் என்பது இன்று நாம் விரால் என்று வழங்கும் மீனேயாகும். இந்தப் பழமொழிக்குள் ஒரு மீன்பிடி முறையே அடங்கியிருக்கிறது. விரால் செத்த இரையைவிட உயிருள்ள இரையையே பெரிதும் விரும்பும். சிறு மீன் ஒன்றைத் தூண்டில் முள்ளில் கோத்து, அது நீரில் துடிக்கும்படி விட்டால், புதருக்குள் மறைந்திருக்கும் விரால் பாய்ந்து வந்து கவ்வும். பழமொழியைச் சொன்னவர் ஏரிக்கரையில் நின்று இதைக் கண்ணால் கண்டவராகத்தான் இருக்க வேண்டும்!

பாகிஸ்தானிலிருந்து தென் சீனம் வரை, ஏரி, குளம், வாய்க்கால், வயல் என்று தேங்கிய நீர் உள்ள இடமெல்லாம் விரால் வாழ்கிறது. தெலுங்கில் இதனைக் கொர்ரமீனு என்பர். தெலங்கானா அரசு 2016-ஆம் ஆண்டில் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. சிங்களத்தில் இதன் பெயர் லூலா. நம் ஊர்ச் சந்தைகளில் மற்ற மீன்கள் பனிக்கட்டியின் மேல் கிடக்க, விரால் மட்டும் ஒரு சாண் தண்ணீர் உள்ள தொட்டியில் உயிரோடு நெளிந்து கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலையும் அதற்கேற்ப அதிகமாகவே இருக்கும்.

அதே தொட்டியில் பல வேளைகளில் விராலைப் போன்ற சிறிய மீன்களும் கிடக்கும். வாங்குபவர் அவற்றைச் 'சின்ன விரால்' என்று எண்ணுவார். சில வேளை அவை சின்ன விராலாகவே இருக்கும். சில வேளை குறவையாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுவையிலும் விலையிலும் மட்டும் இல்லை. ஒரு சாண் நீளமுள்ள குறவை முழுதும் வளர்ந்து, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த மீன். ஒரு சாண் நீளமுள்ள விராலோ பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிடாத இளமீன். ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. வரை வளர்ந்த பிறகே அது இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறும். ஆகவே தூண்டிலில் சிக்கியது எது என்று தெரிந்தால்தான், அதைக் கூடையில் போடுவதா, திரும்ப நீரில் விடுவதா என்று முடிவு செய்ய இயலும்.

இனங்காணும் முறை

விரால் குடும்பத்து மீன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தோற்றம் ஒன்று உண்டு. உடல் உருளை வடிவானது. தலை சற்றே தட்டையானது. அதன் மேல் பாம்பின் தலையில் உள்ளவை போன்ற பெரிய செதில்கள் பதிந்திருக்கும். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி ஏறக்குறைய வால் வரை ஒரே நீளமாக ஓடும். அடியில் உள்ள குதத் துடுப்பும் நீளமானது. வால் துடுப்பு வட்டமானது. எந்தத் துடுப்பிலும் குத்தும் முள் கிடையாது. ஜிலேபிக் கெண்டையைக் கையில் பிடித்துக் குத்து வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கெளுத்திக்கு இருப்பது போன்ற மீசையும் இல்லை.

பெர்லின் நகரத்து மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிளாக் என்பவர் 1793-ஆம் ஆண்டில் விராலை அறிவியல் உலகுக்கு விவரித்தார். பாம்புத்தலை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஓபிசெபாலஸ் என்று பெயரிட்டார். அவருக்குத் தென்னாட்டு மீன்களைப் பதப்படுத்தி அனுப்பி வந்தவர்களுள் ஒருவர், தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார். இன்று விராலின் அறிவியற் பெயர் சன்னா ஸ்ட்ரயேட்டா. பின்பகுதிக்குக் 'கோடுகளை உடைய' என்பது பொருள்.

அந்தக் கோடுகளே முதல் அடையாளம். விராலின் முதுகு கரும்பழுப்பு அல்லது கரும்பச்சை, வயிறு வெண்மை. இரண்டும் சந்திக்கும் விலாப்பகுதியில் கருமையான பட்டைகள் சாய்வாக இறங்கும். கலங்கிய குளத்து மீன் வெளிறியும், தெளிந்த நீர் மீன் கறுத்தும் இருக்கும். ஆதலால் நிறத்தின் அழுத்தத்தை நம்ப வேண்டாம். பட்டைகளின் சாய்வை மட்டும் பாருங்கள்.

குறவை இதைவிடச் சிறியது, 30 செ.மீ. எட்டுவதே அரிது. இதன் உடலில் கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். சில மீன்களில் புள்ளிகள் தெளிவாக இரா. அப்போது ஐயம் எழும். அந்த நிலையில் எண்ணிப் பார்ப்பதே வழி. முதுகுத் துடுப்பை விரித்துப் பிடித்து அதிலுள்ள கதிர்களை எண்ணுங்கள். குறவையில் 30-ஐ ஒட்டி இருக்கும். விராலில் 40-ஐ ஒட்டி இருக்கும். எண்ணுவதற்குப் பொறுமை இல்லாதவர்கள் செதிலைப் பார்க்கலாம். செவுள் மூடியிலிருந்து வால் வரை உடலின் பக்கத்தில் ஓடும் பக்கக்கோட்டில் குறவைக்கு 40-ஐ ஒட்டிய செதில்களும், விராலுக்கு 50-க்கு மேற்பட்ட செதில்களும் உண்டு. இக்கோடு வழியில் ஓரிடத்தில் ஒரு படி கீழே இறங்கும். அங்கே எண்ணிக்கையைத் தவற விடக் கூடாது. எண்ணாமலே சொல்ல வேண்டுமானால், ஒரே அளவுள்ள இரு மீன்களில் செதில் பெரிதாகத் தெரிவது குறவை, சிறிதாக நெருங்கித் தெரிவது விரால்.

மூன்றாவது உறவினர் பூவிரால். அவிரி என்றும் இதற்குப் பெயருண்டு. ஆறுகளிலும் பெரிய நீர்த்தேக்கங்களிலும் வாழும் இம்மீன் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். உடலில் முத்துப் பதித்தாற்போல வெண்புள்ளிகள் இருப்பதால் பூவிரால் ஆயிற்று. முதுகுத் துடுப்பில் 45 முதல் 55 வரை கதிர்கள் உண்டு. வால் துடுப்பின் அடிப்பகுதியில், மேற்புறமாக, வெளிறிய வளையம் சூழ்ந்த கரிய கண் போன்ற புள்ளி இருக்கும். வயதான மீன்களில் இது மங்கிவிடுவதும் உண்டு.

இந்தக் கண்புள்ளியில் ஓர் ஏமாற்றமும் இருக்கிறது. விராலின் இளமீனுக்கும் இது போன்ற கரும்புள்ளி உண்டு. ஆனால் அது வாலில் இல்லை. முதுகுத் துடுப்பின் கடைசிப் பகுதியில் இருக்கும். வளர வளர மறைந்துவிடும். புள்ளியைக் கண்டதும் பூவிரால் என்று துள்ள வேண்டாம். புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஓடைகளிலும் சிறு குட்டைகளிலும் இன்னொரு சிறு குறவை உண்டு. மார்புத் துடுப்பில் வளைவளைவான பட்டைகளும், முதுகுத் துடுப்பின் ஓரத்தில் செம்மஞ்சள் விளிம்பும் கொண்ட அழகான மீன். கறிக்கு ஆகாத அளவுக்குச் சிறியது என்பதால் பிழைத்துக் கிடக்கிறது.

தண்ணீரில் மூச்சு முட்டும் மீன்

கண்ணாடித் தொட்டியில் தூய நீரை நிரப்பி, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே கம்பிவலைத் தட்டு ஒன்றைப் பொருத்தி, அதன் அடியில் ஒரு கெண்டையையும் ஒரு விராலையும் விட்டால் என்ன ஆகும்? கெண்டை நலமாக நீந்திக் கொண்டிருக்கும். விரால் சற்று நேரத்தில் வலையை முட்டத் தொடங்கும். பிறகு சோர்ந்து இறந்துவிடும். மீன் தண்ணீரில் மூச்சு முட்டி இறப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அதன் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, இருபுறமும் இரு காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடர்ந்த மடிப்புகள் உண்டு. விரால் நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை விழுங்கி இவ்வறைகளில் நிரப்பிக் கொள்கிறது. அதற்குத் தேவையான பிராணவாயுவின் பெரும்பகுதி இக்காற்றிலிருந்தே கிடைக்கிறது. கரியமில வாயு மட்டும் பெரும்பாலும் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் நீரிலே கலந்துவிடுகிறது.

விராலைச் சந்தைக்குக் கொண்டு செல்பவர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள். குடத்தில் கால் பங்குதான் நீர் ஊற்றுவார்கள். அன்பு மிகுதியால் கழுத்து வரை நீரை நிரப்பி இறுக மூடிவிட்டால் மீன் வீடு வந்து சேராது. ஈரச் சாக்கில் சுற்றினாலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். ஈரம் உலர்ந்துவிடக் கூடாது, அவ்வளவே. துள்ளி வெளியே விழாதபடி மேலே துளையுள்ள மூடி போடுவது நல்லது.

கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ஒரு வயலில் காணப்பட்ட விசித்திரமான மீன் ஒன்றை ஆராய்ந்து, 2019-இல் விராலுக்கு உறவான புதிய இனம் என்று அறிவித்தார்கள். நிலத்தடி நீரில் மறைந்து வாழும் அம்மீனுக்குத் தலையில் காற்றறை இல்லை. மேலே வந்து காற்றுக் குடிக்க வழியில்லாத இடத்தில் காற்றறை எதற்கு?

தூண்டில்காரருக்கு இந்த மூச்சுதான் முதல் துப்பு. மற்ற மீன்கள் ஆழத்தில் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். விரால் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக் கொடுக்கும். காலை வேளையில் காற்று அடங்கியிருக்கும்போது அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை ஆகியவற்றின் ஓரங்களைக் கூர்ந்து பாருங்கள். 'களுக்' என்ற ஒலியோடு நீர் சற்றே குழிந்து வட்ட அலை எழும். அது விரால் மூச்சு வாங்கிய இடம். ஓரிரு முறை கவனித்தால் மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் புலப்படும். இரையை அலையின் நடுவில் எறிந்தால் மீன் மிரளும். அதற்கு ஒரு பாகம் தள்ளி, செடி ஓரமாக எறிந்து, மெல்ல இழுத்து வர வேண்டும்.

கழி உறுதியான மூங்கிலாக இருக்க வேண்டும். நரம்பு தடித்ததாக இருக்கட்டும்; கவ்விய விரால் உடனே தண்டுகளுக்குள் நுழைந்து சுற்றிக் கொள்ளும். இரையைக் கவ்விய நொடியிலேயே வெட்டி இழுப்பவர்கள் பெரும்பாலும் வெறும் முள்ளையே காண்பார்கள். விரால் முதலில் இரையைப் பற்றிக் கொண்டு சற்று நகரும். பிறகே உள்ளே விழுங்கும். தக்கை அமிழ்ந்து ஓரளவு ஓடும் வரை பொறுத்து, பின் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கரை சேர்ந்த பின்னும் எச்சரிக்கை தேவை. வழுக்கும் உடல், கீழ்த்தாடையின் பக்கங்களில் கோரைப் பற்கள். ஈரத் துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து முள்ளை எடுங்கள்.

இரையைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்களில் விராலுக்கு உயிருள்ள தவளையைக் கோப்பதே வழக்கமாக இருந்து வந்தது. வயலில் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் பிராணி தவளை. அதன் கால்களை ஏற்றுமதி செய்வதையே இந்திய அரசு 1987-ஆம் ஆண்டில் தடை செய்துவிட்டது. இன்று கடைகளில் ரப்பரால் செய்த தவளை கிடைக்கிறது. நீர்மட்டத்தில் துள்ளித் துள்ளி வரும்படி அதை இழுத்தால் விரால் உண்மைத் தவளைக்குப் பாய்வது போலவே பாய்கிறது. மண்புழுவும் பயன்படும்; ஆனால் அதற்குக் குறவையும் கெளுத்தியுமே முந்திக் கொள்ளும்.

வற்றும் ஏரியில்

கோடையில் ஏரி வற்றும்போது மற்ற மீன்கள் சேற்றில் துடித்துச் சாக, விரால் சேற்றுக்குள் புகுந்து கொள்ளும். தோலும் காற்றறையும் ஈரமாக இருக்கும் வரை அங்கே தாக்குப்பிடிக்கும். மழை பெய்து நிலம் நனைந்தால் வரப்பின் மேல் நெளிந்து அடுத்த வயலுக்குப் போவதும் உண்டு. புதுவெள்ளத்தின்போது மடை வாயில் பறி வைப்பவர்களுக்கு இந்தப் பயணமே வரும்படி.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களின் ஊர்களில் ஏரி வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் துணியை வீசிச் சைகை காட்டியதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நீரில் இறங்குவார்கள். அவர்களில் பலர் கையில் ஊத்தா இருக்கும். மூங்கிற் குச்சிகளால் முடைந்த, அடியில் அகன்று மேலே குறுகிய, அடித்தட்டு இல்லாத கூடை அது. முழங்கால் அளவு கலங்கல் நீரில் அதை அழுத்தி வைத்து, உள்ளே ஏதேனும் மோதுகிறதா என்று உணர்ந்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுக்கிறார்கள். சேற்றில் பதுங்கும் விராலுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. வலை அதன் மேலாகப் போய்விடும். ஊத்தா அதைச் சேற்றோடு சேர்த்து மூடும்.

இந்த முறையில் ஏரி முழுவதும் துழாவப்படுகிறதே என்று சிலர் குறை கூறுவர். வற்றிக் கொண்டிருக்கும் ஏரியில் எஞ்சிய மீன் எப்படியும் வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாவதுதான். ஆகவே இதில் பெருந்தீங்கு இல்லை என்பது என் கருத்து. ஆழமான மடுவில் சுண்ணாம்பையோ நஞ்சையோ கலப்பதும், வெடி வைப்பதும் வேறு வகை. அது சிறியது பெரியது பாராமல் எல்லாவற்றையும் கொல்லும். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே அதைக் குற்றமாக்கிவிட்டது.

விராலுக்கு நோயாலும் ஒரு பெருங்கேடு வந்தது. 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் தொடங்கிய புண்நோய் சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. ஒருவகை நீர்ப்பூஞ்சையால் வரும் இந்நோயில் உடலில் செம்புள்ளிகள் தோன்றி, தசை வரை அரிக்கும் ஆறாப் புண்களாகும். விரால் குடும்பமே இதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. குளிர்மாதங்களில் இத்தகைய புண்ணோடு மீன் அகப்பட்டால் அதை மறுபடி வேறு குளத்தில் விடவே கூடாது.

சிவந்த கூட்டம்

மழைக்காலத்தை ஒட்டி விரால் இணை ஒன்று கரையோரத்தில், செடிகள் அடர்ந்த ஆழமற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்கும். தண்டுகளை விலக்கி வட்டமாக ஒரு வெளி உண்டாக்கும். தேன் நிறமான முட்டைகள் எண்ணெய்த்துளி உள்ளவை. ஆதலால் நீரில் மிதக்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஒன்று அல்லது ஒன்றரை நாளில் குஞ்சு பொரிந்துவிடும். பெற்றோர் அருகிலேயே காவல் இருக்கும். ஆயிரக்கணக்கான முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும் கெண்டைக்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு!

குஞ்சுகள் சில நாளில் செம்மஞ்சள் நிறம் பெற்று ஒரே திரளாக நீந்தும். கரையிலிருந்து பார்த்தால் நீருக்குள் செந்நிறப் பந்து ஒன்று மெல்ல உருள்வது போலிருக்கும். காற்றறை வளரத் தொடங்கியதும் குஞ்சுகளும் மேலே வந்து காற்றுக் குடிக்கும். அப்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போல நீர் சிலிர்க்கும். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், பெரிய விரால் இருக்கும்.

தூண்டில்காரர்களில் கெட்டிக்காரர்கள் இதைத்தான் தேடி அலைகிறார்கள். காவல் இருக்கும் விராலுக்குப் பசி இருக்க வேண்டியதில்லை. குஞ்சுகளின் நடுவே தவளை ஒன்று விழுந்தால், அதைத் துரத்துவதற்காகவே பாய்ந்து கவ்வும். நாள் முழுதும் காத்திருந்தும் கிடைக்காத பெரிய மீன் இங்கே சில நிமிடங்களில் அகப்பட்டுவிடுகிறது. ஆனால் காவல் போனதும் குறவையும் கெண்டையும் நீர்ப்பூச்சிகளும் கூட்டத்தைச் சூழ்ந்து கொள்ளும். திரளாகச் சேர்ந்து செந்நிறத்தில் பளிச்சென்று தெரியும் குஞ்சுகளைத் தேடிப் பிடிக்க வேண்டிய தொல்லைகூட அவற்றுக்கு இல்லை. ஒரு மீனைப் பிடித்தவர் அந்த ஆண்டின் ஒரு தலைமுறையையே கரையேற்றிவிட்டார் என்பதே கணக்கு. அயிரையை விட்டு வராலை இழுத்த கதை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

குஞ்சுக் கூட்டத்தையே துணியால் வாரி எடுத்து வளர்ப்புக் குளங்களுக்கு விற்பதும் உண்டு. ஹார்மோன் ஊசி போட்டுத் தொட்டியில் விராலைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறை இப்போது கைவந்திருக்கிறது. ஆதலால் ஏரிக் குஞ்சை நம்பியிருக்க வேண்டியதில்லை. வளர்ப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பெரிய குஞ்சு சிறிய குஞ்சை விழுங்கிவிடும். அளவு பார்த்துப் பிரித்து விட்டுக் கொண்டே இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஆஸ்துமாவுக்கு மருந்தென்று உயிருள்ள விரால் குஞ்சை விழுங்குகிறார்கள். அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை.

சிவந்த கூட்டத்தைக் கண்டால் இடத்தைக் குறித்துக் கொண்டு வேறு கரைக்குப் போய்விடுங்கள். சில வாரங்களில் குஞ்சுகளின் சிவப்பு மங்கிப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறம் ஏறும். முதுகுத் துடுப்பின் கடைசியில் கரும்புள்ளி தெரியும். கூட்டம் சிறுகச் சிறுகக் கலைந்து ஒவ்வொன்றும் செடிமறைவில் தனித்து ஒதுங்கும். அத்துடன் பெற்றோரின் காவலும் முடிந்துவிடும். அதன் பிறகு எதிரே வரும் தன் குஞ்சையே விரால் இரையாகக் கொள்ளவும் கூடும். அந்தக் கரையில் நீங்கள் தூண்டில் போடலாம்.